சென்னை முதல் அந்தமான் வரை: கடலடித் தரையை நீங்களே வரைந்து புரிந்துகொள்வது எப்படி

பள்ளிப் புத்தகங்களில் கடலடித் தரைக்கு என்று ஒரு படம் இருக்கும். இடப்பக்கம் படிக்கட்டு போல இறங்கும் கரை, அடுத்து ஒரு சமவெளி, நடுவில் கூரிய மலைத்தொடர், வலப்பக்கம் கிணறு போன்ற ஓர் அகழி என்று எல்லா நிலவடிவங்களும் ஒரே சட்டகத்துக்குள் அடங்கிவிடும். கண்டத்திட்டு, கண்டச்சரிவு, ஆழ்கடல் சமவெளி, கடலடி மலைத்தொடர், அகழி ஆகிய பெயர்களை மனத்தில் நிறுத்த அந்தப் படம் போதும். ஆனால் அவை எவ்வளவு அகலமானவை, எவ்வளவு ஆழமானவை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பவற்றை அது சொல்லாது. மெரினாவில் நின்று கிழக்கே பார்க்கும் ஒருவரின் கண்முன் விரியும் நீருக்கு அடியில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள நல்ல வழி, ஒரு நேர்கோட்டின் வழியே ஆழங்களைக் குறித்து ஒரு வெட்டுமுகத்தைக் கையால் வரைந்து பார்ப்பதுதான். சென்னைக்கு அருகே கரையைத் தொட்டு, வடக்கு அந்தமானின் வழியே மியான்மர் கரை வரை செல்லும் வடக்கு 13 பாகை அகலக்கோட்டை இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. பள்ளி மாணவரும் ஒரு மாலைப் பொழுதில் முடிக்கக்கூடிய வேலை இது. கணினித் திரையில் இதே வெட்டுமுகத்தை நொடியில் காட்டும் மென்பொருள்கள் உள்ளன என்பது உண்மையே. ஆயினும் எண்களை ஒவ்வொன்றாகப் படித்துப் புள்ளி வைக்கும்போது மனத்தில் பதிவது, திரையில் தோன்றும் கோட்டைப் பார்க்கும்போது பதிவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

வேண்டிய பொருள்கள்

ஏ3 அளவுள்ள கட்டத் தாள், கூர்மையான பென்சில், அளவுகோல், கணிப்பான், இவற்றோடு ஆழங்களைத் தரும் ஒரு வரைபடம் ஆகியவை போதும். வரைபடத்துக்கு மிக எளிய வாய்ப்பு கூகுள் எர்த். சுட்டியைக் கடலின் மேல் வைத்தால் அந்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் ஆழமும் திரையின் கீழே தெரியும். அதைவிட நம்பகமானது ஜெப்கோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகப் பெருங்கடல் ஆழ வரைபடத் திட்டத்தின் தரவு. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆதரவோடு 1903-ல் தொடங்கிய அத்திட்டம், இன்று உலகக் கடல்கள் முழுவதையும் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆழத்தைத் தந்து, இலவசமாக வழங்குகிறது. அதில் கடல் மட்டம் சுழியம் என்பதால் ஆழங்கள் குறை எண்களாக இருக்கும். தாளில் வரையும்போது அந்தக் குறியைப் பொருட்படுத்தாமல் கடல் மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளந்தால் போதும்.

பழைய மாலுமி வரைபடம் ஒன்று கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் முதலில் அதன் ஓரத்தில் அலகு என்னவென்று பார்த்துவிடுங்கள். பழைய ஆங்கிலேய வரைபடங்கள் ஆழத்தைப் ஃபாதம் என்னும் ஆறடி அளவில் தருகின்றன. அது 1.83 மீட்டருக்குச் சமம். இரு கைகளையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அளக்கும் இந்த அளவைத்தான் நம் கரை மீனவர்கள் பாகம் என்கிறார்கள். இத்தனை பாகத்தில் வலை இட்டோம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மேலும், மாலுமி வரைபடத்தின் ஆழங்கள் வழக்கமாகச் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவதில்லை. கப்பல் தரைதட்டிவிடக் கூடாது என்பதற்காக மிகத் தாழ்ந்த வற்றுநீர் மட்டத்திலிருந்து அளக்கப்படுகின்றன. நடுக்கடலில் இந்த வேறுபாடு பொருட்டல்ல. கரையோரத்தில் அதை மறக்கக் கூடாது.

எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்

வரையத் தொடங்குவதற்கு முன், அந்த எண்கள் எப்படிக் கிடைத்தவை என்பதை அறிந்துகொள்வது அவசியம். கடலடி வரைபடத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் பகுதி இதுதான்.

முதலில் இருந்தது கயிறும் ஈயக் குண்டும். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல், மரியானா அகழிப் பகுதியில் 1875-ல் 4,475 ஃபாதம், அதாவது 8,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை இவ்வாறுதான் அளந்தது. ஆழ்கடலில் ஓரிடத்தை அளந்து முடிக்கவே மணிக்கணக்காகும். 20-ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தை எதிரொலி பிடித்துக்கொண்டது. கப்பலிலிருந்து அனுப்பும் ஒலி தரையில் பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தை, நீரில் ஒலியின் வேகமான நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டரால் பெருக்கி, பாதியாக்கினால் ஆழம் கிடைக்கும். எதிரொலி 4 நொடியில் வந்தால் ஆழம் 3,000 மீட்டர். ஆனால் ஒலியின் வேகம் நீரின் வெப்பநிலை, உவர்ப்பு, அழுத்தம் ஆகிய மூன்றையும் பொறுத்து மாறும். அது 1,480 மீட்டராக இருந்தால் அதே எதிரொலி 2,960 மீட்டரைத்தான் குறிக்கும். எனவே, நீரின் இயல்பை அறியாமல் தரையின் ஆழத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. கடலியல் இயற்பியலையும் நிலவியலையும் ஒருங்கே வேண்டி நிற்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது வழி செயற்கைக்கோள். கடலடி மலை ஒன்று தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள நீரைத் தன்பால் இழுப்பதால், அதன் மேலே கடற்பரப்பு சற்றுப் புடைத்திருக்கும். 2,000 மீட்டர் உயரமுள்ள மலைக்கு மேல் அந்தப் புடைப்பு ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். செயற்கைக்கோள் அதை அளக்கும்; அதிலிருந்து அடியில் இருக்கும் மலையைக் கணக்கிடலாம். உலகக் கடலடியில் கப்பல் ஒலியால் நேரடியாக அளக்கப்பட்ட பகுதி இன்றும் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது. மீதியெல்லாம் இவ்வாறு கணித்தவை. 2014-ல் காணாமற்போன மலேசிய விமானத்தைத் தென் இந்தியப் பெருங்கடலில் தேடுவதற்கு முன், அங்கே கடலடியின் வரைபடத்தையே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

எந்தக் கட்டத்தின் ஆழம் நேரடியாக அளக்கப்பட்டது, எது கணிக்கப்பட்டது என்பதை ஜெப்கோ தனி அடுக்காகத் தருகிறது. அளந்த புள்ளியை நிறைவட்டமாகவும் கணித்த புள்ளியை வெற்றுவட்டமாகவும் தாளில் குறியுங்கள். வரைந்து முடித்த பின் உங்கள் கோட்டின் எந்தப் பகுதி உறுதியானது, எது ஊகம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

அளவுகளை முடிவு செய்தல்

13 பாகை அகலாங்கில் ஒரு பாகை நெட்டாங்கின் நீளம் ஏறத்தாழ 108.5 கிலோமீட்டர். சென்னைக் கரை கிழக்கு 80.3 பாகையிலும், வடக்கு அந்தமான் ஏறத்தாழ 92.8 பாகையிலும் இருப்பதால் இடைத்தொலைவு சுமார் 1,356 கிலோமீட்டர். மியான்மர் கரையைத் தொட ஏறத்தாழ 98.5 பாகை வரை செல்ல வேண்டும். கிடைமட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால் அந்தமான் 27 சென்டிமீட்டரிலும் மியான்மர் 40 சென்டிமீட்டருக்குள்ளும் அடங்கிவிடும். ஏ3 தாளின் நீளம் 42 சென்டிமீட்டர் என்பதால் இது சரியாகப் பொருந்துகிறது.

செங்குத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 500 மீட்டர். கடல் மட்டத்தைக் குறிக்கும் கோட்டைத் தாளின் மேல்விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் கீழே வரையுங்கள். தீவுகளின் உயரத்துக்கு மேலே இடம் வேண்டும். அதற்குக் கீழே 4,500 மீட்டர் வரை, அதாவது 9 சென்டிமீட்டருக்கு அளவுகளை எழுதுங்கள்.

புள்ளிகளைச் சீரான இடைவெளியில் எடுப்பது பலர் செய்யும் தவறு. ஒவ்வொரு பாகைக்கும் ஒரு புள்ளி என்று எடுத்தால் கண்டத்திட்டு முழுவதுமே முதல் இரு புள்ளிகளுக்கு இடையே விழுந்து மறைந்துவிடும். தரை வேகமாக மாறும் இடத்தில் நெருக்கமாகவும், மாறாத இடத்தில் தளர்வாகவும் எடுங்கள். கரையிலிருந்து 81.2 பாகை வரை ஒவ்வொரு 0.05 பாகைக்கும், அங்கிருந்து 92 வரை ஒவ்வொரு 0.5 பாகைக்கும், 92 முதல் 95 வரை மீண்டும் நெருக்கமாக ஒவ்வொரு 0.1 பாகைக்கும் படித்தால் போதுமானது. படித்த எண்களை முதலில் ஓர் அட்டவணையில் எழுதிவிட்டு, பிறகு தாளில் குறியுங்கள்.

கோட்டைப் படித்தல்: கரையிலிருந்து இறங்குவது

சென்னையை விட்டு வெளியேறியதும் 40 முதல் 50 கிலோமீட்டர் தொலைவுக்குத் தரை மிக மெதுவாகத் தாழ்கிறது. இதுவே கண்டத்திட்டு. உங்கள் தாளில் அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலமே பிடிக்கும். 45 கிலோமீட்டரில் 150 மீட்டர் இறங்குவது என்றால், 300 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறக்கம். நிலத்தில் அப்படி ஓர் இறக்கம் இருந்தால் சைக்கிளில் செல்பவர்கூட உணரமாட்டார். இந்தத் திட்டு எல்லாக் கரைகளிலும் ஒரே அகலம் உடையதன்று. மும்பைக்கு வெளியே அது ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீள்கிறது. இலங்கையைச் சுற்றிச் சராசரியாக 20 கிலோமீட்டர்தான். திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்தின் வாயிலுக்கே வந்துவிடுகிறது. அத்துறைமுகத்தின் புகழுக்கு அந்த ஆழமும் ஒரு காரணம்.

கண்டத்திட்டு கடலுக்குரிய நிலம் என்பதைவிட, நீரில் மூழ்கிய கண்டத்தின் ஓரம் என்பதே பொருத்தம். கண்டங்களின் அடிப்பாறை கருங்கல் வகையைச் சேர்ந்தது, எடை குறைந்தது, சராசரியாக 35 கிலோமீட்டர் அளவுக்குத் தடித்தது. கடலடியின் பாறை பசால்ட் என்னும் எரிமலைப் பாறை, அடர்த்தி மிக்கது, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தடிமனே உடையது. லேசான தடித்த பாறை உயர்ந்து மிதக்க, கனத்த மெல்லிய பாறை தாழ்ந்து நிற்கிறது. உலக நிலங்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 840 மீட்டராகவும், கடல்களின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டராகவும் இரண்டு தனித்தனி மட்டங்களாகப் பிரிந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே கரை என்று நாம் அழைக்கும் கோடு நீரின் கோடு மட்டுமே. கண்டம் முடிவது அதற்கு வெகு தொலைவு கிழக்கே, கண்டச்சரிவில்.

உங்கள் கோடு அந்தச் சரிவுக்கு வந்ததும் திடீரெனக் கீழே பாயும். சில பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள் ஆழம் 3,000 மீட்டரை எட்டிவிடும். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்தபோது கிழிந்த விளிம்பு இது. தாளில் அது சுவர் போல் தெரிவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 50 கிலோமீட்டரில் 2,800 மீட்டர் இறங்கினால் உண்மையான சாய்வு 3 பாகையைச் சற்றே தாண்டும். தாளிலோ 80 பாகை காட்டும். ஏனெனில் கிடைமட்டத்தில் 50 கிலோமீட்டரும் செங்குத்தில் அரை கிலோமீட்டரும் ஒரே நீளத்தால் குறிக்கப்படுகின்றன. படம் 100 மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது. "செங்குத்து மிகை: 100 மடங்கு" என்று தாளின் ஓரத்தில் கட்டாயம் எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத கடலடி வெட்டுமுகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முழுமையற்றது.

மிகைப்படுத்தாமல் வரைந்தால் என்ன ஆகும் என்பதையும் தாளின் அடியில் ஒரு முறை செய்து பாருங்கள். அதே 50 கிலோமீட்டர் அளவில் 3,000 மீட்டர் ஆழம் 0.6 மில்லிமீட்டர். சென்னையிலிருந்து அந்தமான் வரையுள்ள வங்கக் கடல் முழுவதும் உங்கள் பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும். கடல் ஆழமானது என்று சொல்லிப் பழகிய நமக்கு, அது தன் அகலத்தோடு ஒப்பிட்டால் ஒரு மெல்லிய நீர்ப்படலம் என்பதை வேறெதுவும் இவ்வளவு நேராகக் காட்டுவதில்லை.

சமதரை போலத் தெரியும் இடம்

சரிவுக்கு அப்பால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் உங்கள் கோடு ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தில் கிடைமட்டமாக ஓடும். மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. வரைபவர்கள் பலர் இங்கே சலிப்படைவார்கள். என்னைக் கேட்டால் இந்த வெட்டுமுகத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

இந்தத் தரை இமயமலையால் ஆனது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. அதில் ஒரு பகுதி வங்கதேசக் கரைக்கு வெளியே திட்டைக் கிழித்துச் செல்லும் ஒரு பெரும் பள்ளத்தாக்கின் வழியே ஆழ்கடலுக்கு இறங்குகிறது. ஈயக் குண்டு அடியைத் தொடாததால் பழைய மாலுமிகள் அதற்கு அடிகாணாப் பள்ளம் என்ற பொருளில் பெயரிட்டார்கள். அங்கிருந்து விசிறி போலப் பரவிய வண்டல், தெற்கே நிலநடுக்கோட்டையும் தாண்டி, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் படிந்திருக்கிறது. வங்க விசிறி எனப்படும் இது உலகிலேயே மிகப் பெரிய கடலடி வண்டல் படிவு. வடக்கே அதன் தடிமன் 16 கிலோமீட்டர் வரை இருக்கிறது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு.

ஆழ்கடலில் வண்டல் இவ்வளவு தொலைவு செல்வது எப்படி? சேறும் நீரும் கலந்த கனத்த கலவை, சுற்றியுள்ள நீரைவிட அடர்த்தி மிக்கது என்பதால் தரையோடு ஒட்டி ஆறு போலப் பாய்கிறது. இதன் வலிமையை உலகம் அறிந்தது ஒரு விபத்தின் மூலம். 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலநடுக்கம் ஏற்பட்டபோது, கடலடியில் கிடந்த 12 தந்திக் கம்பிகள் அறுந்தன. நடுக்கத்தின் மையத்துக்கு அருகே இருந்தவை உடனடியாகவும், சரிவின் கீழே இருந்தவை மணிக்கணக்கான இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகவும் அறுந்தன. அந்த நேரங்களைக் கொண்டு சேற்றோட்டத்தின் வேகத்தைப் பின்னாளில் கணக்கிட்டார்கள். வங்க விசிறியின் மேலும் இத்தகைய ஓட்டங்கள் இரு கரைகளும் உயர்ந்த நீண்ட வாய்க்கால்களை அமைத்திருக்கின்றன. உங்கள் தாளில் 50 மீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர். ஆகவே சமதரையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேடுபள்ளம் தெரிந்தால், கை நடுங்கிவிட்டது என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். அந்த இடத்தில் புள்ளிகளை நெருக்கி எடுத்தால் ஒரு கடலடி ஆற்றின் படுகை உங்கள் தாளில் வெளிப்படலாம்.

இந்தச் சமதரைக்கு அடியில் இரண்டு மலைத்தொடர்கள் புதைந்திருக்கின்றன. 85 பாகைக் கிழக்குத் தொடர் ஒன்று. 90 பாகைக் கிழக்குத் தொடர் மற்றொன்று. நிலநடுக்கோட்டின் இருபுறமும் நீளும் 90 பாகைத் தொடர் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளமுள்ளது. தெற்கே அது தரைக்கு மேல் கம்பீரமாக நிற்கிறது. வடக்கு 10 பாகைக்கு அப்பால் வண்டலுக்குள் மூழ்கிவிடுகிறது. உங்கள் கோடு 13 பாகையில் செல்வதால் ஆழ அளவில் இரண்டுமே தெரியாது. நில அதிர்வு அலைகளும் ஈர்ப்பு அளவீடுகளும் மட்டுமே அவற்றைக் காட்டிக்கொடுத்தன. எனவே 85, 90 ஆகிய நெட்டாங்குகளில் தரைக்கோட்டுக்குக் கீழே புள்ளிக்கோடுகளால் இரண்டு மேடுகளை வரைந்து, புதைந்த மலைகள் என்று எழுதுங்கள். வரைபடம் காட்டுவது தரையின் மேற்பரப்பை மட்டுமே என்பது அப்போது மறக்காது.

அந்தமானும் அதற்கு அப்பாலும்

92 பாகையை நெருங்கும்போது அமைதி கலைகிறது. பூமியின் மேலோடு பெரும் பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது; அவற்றுள் இந்தியத் தட்டு கிழக்கு நோக்கிச் சென்று பர்மா தட்டின் கீழே நுழையும் இடம் இது. இத்தகைய எல்லையில் ஓர் அகழி இருக்க வேண்டும். இதே எல்லை தெற்கே சுமத்ரா, ஜாவா ஓரமாக நீண்டு, ஜாவாவுக்குத் தெற்கே 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுள்ள சுண்டா அகழியாகிறது. ஆனால் உங்கள் கோட்டில் பெரிய பள்ளம் எதுவும் தெரியாது. வங்க விசிறியின் வண்டல் இங்கே அகழியையும் நிரப்பிவிட்டது. பாடப்புத்தகப் படத்தோடு ஒப்பிட்டு, தவறு செய்துவிட்டோமோ என்று பலர் ஐயுறும் இடம் இது. தவறு இல்லை.

தாழும் தட்டின் மேலிருந்து சுரண்டப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வண்டலும் பாறையுமே அந்தமான் தீவுகளாக நீருக்கு மேல் தலைநீட்டுகின்றன. தீவைத் தாண்டியதும் கோடு மீண்டும் இறங்கி அந்தமான் கடலுக்குள் செல்லும். உள்ளே சென்ற தட்டின் விளைவாக உருகும் பாறை, தீவுகளுக்குக் கிழக்கே எரிமலைகளாக எழுகிறது. 13 பாகைக் கோட்டுக்குச் சற்று வடக்கே நார்கொண்டம் தீவும், சற்றுத் தெற்கே பாரன் தீவும் உள்ளன. பாரன் தீவு இந்தியாவின் உயிர்ப்புள்ள ஒரே எரிமலை. நீண்டகாலம் அடங்கிக் கிடந்த அது 1991-ல் மீண்டும் வெடித்தது. நீருக்கு மேலே அதன் உயரம் 354 மீட்டர்தான். அடிவாரமோ 2,000 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. கோட்டில் அவை இல்லாவிட்டாலும் அவற்றின் நெட்டாங்கில் ஒரு குறிப்பு எழுதுங்கள். பிறகு கோடு ஏறி, மியான்மரின் அகன்ற கண்டத்திட்டில் முடியும்.

நீரையும் நிரப்புங்கள்

தரையை மட்டும் வரைந்து நிறுத்தினால் அது காலிப் பாத்திரம். சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே நீரையும் அடுக்குகளாகப் பிரித்துக் காட்டலாம். மேற்பரப்பில் ஆண்டின் பெரும்பகுதி 28 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பம். கீழே செல்லச் செல்ல, முதல் சில நூறு மீட்டரில் வெப்பம் வேகமாகக் குறைகிறது. 1,000 மீட்டரில் 6, 7 பாகை. தரையருகே ஏறத்தாழ 2 பாகை. வெப்பம் வேகமாகக் குறையும் அந்த அடுக்கை உங்கள் தாளில் மேலிருந்து அரை சென்டிமீட்டருக்குள் மங்கலான வண்ணத்தால் காட்டுங்கள். வெதுவெதுப்பான நீர் எவ்வளவு மெல்லிய போர்வை என்பது தெரியும். அழுத்தத்தை வலது ஓரத்தில் எழுதலாம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால் 3,000 மீட்டரில் அது ஏறத்தாழ 300 மடங்கு. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டருக்கு மனிதரை அனுப்பும் மத்ஸ்யா நீர்மூழ்கியை உருவாக்கிவருகிறது. அது தாங்க வேண்டிய அழுத்தம் இதைப் போல் இருமடங்கு.

உவர்ப்பிலும் வங்கக் கடல் தனித்தன்மை உடையது. திறந்த பெருங்கடலில் ஒரு கிலோகிராம் நீருக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கும். பேராறுகளும் பருவமழையும் கொட்டும் வட வங்கக் கடலின் மேற்பரப்பில் அது 30 கிராமுக்கும் கீழே இறங்குகிறது. எடை குறைந்த இந்த நன்னீர்க் கலவை மேலேயே மிதந்து, அடியிலுள்ள குளிர்நீர் மேலே கலப்பதைத் தடுக்கிறது. மேற்பரப்பு சூடாகவே இருப்பதற்கும், வங்கக் கடல் புயல்கள் வலுப்பெறுவதற்கும் இது துணைபோகிறது.

வரைந்த தாளைக் கொண்டு ஒரு கணக்கு

2004 டிசம்பர் 26 அன்று காலை இந்திய நேரம் ஏறத்தாழ 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய நிலநடுக்கத்தின் பாறை முறிவு, வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியது. அதிலிருந்து எழுந்த ஆழிப்பேரலை சென்னைக்கு எப்போது வந்திருக்கும் என்பதை உங்கள் வெட்டுமுகமே சொல்லும். இத்தகைய நீண்ட அலையின் வேகம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும்.

கோட்டை மூன்று துண்டுகளாகப் பிரியுங்கள். ஆழ்தரை 1,260 கிலோமீட்டர், ஆழம் 3,000 மீட்டர்: வேகம் மணிக்கு 617 கிலோமீட்டர், நேரம் 2 மணி 2 நிமிடம். கண்டச்சரிவு 50 கிலோமீட்டர், சராசரி ஆழம் 1,500 மீட்டர்: வேகம் 436 கிலோமீட்டர், நேரம் 7 நிமிடம். கண்டத்திட்டு 45 கிலோமீட்டர், சராசரி ஆழம் 60 மீட்டர் என்று கொண்டால் வேகம் 87 கிலோமீட்டராகக் குறைந்துவிடும், நேரம் 31 நிமிடம். மொத்தம் 2 மணி 40 நிமிடம். அலை சென்னையை அடைந்தது காலை ஏறத்தாழ 9 மணிக்கு. பென்சிலால் போட்ட கணக்கு இவ்வளவு அருகில் வருகிறது. முழுத் தொலைவில் முப்பதில் ஒரு பங்கான திட்டைக் கடக்க அரை மணி நேரம் ஆனதையும் கவனியுங்கள். அந்த இடத்தில்தான் அலை வேகத்தை இழந்து உயரத்தைப் பெற்றது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தும் நம் கரைகளில் இருந்தவர்களுக்கு ஒரு சொல் போய்ச் சேரவில்லை. ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் செயல்படத் தொடங்கியது 2007-ல்.

அடுத்து வரைய வேண்டியவை

ஒரே கோட்டோடு நிறுத்த வேண்டாம். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரி தார்ப், கப்பல்கள் கொண்டுவந்த எதிரொலி அளவுகளைக் கொண்டு அட்லாண்டிக் பெருங்கடலின் குறுக்கே ஆறு வெட்டுமுகங்களை இதே போலக் கையால் வரைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார். நடுக்கடல் முகட்டின் உச்சியில் ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஒரு பிளவுப் பள்ளம் இருந்தது. தட்டுகள் விலகும் இடம் அதுவென்பது பின்னர் உறுதியாயிற்று. பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏறவே அனுமதிக்கப்படாத காலத்தில், மேசையில் அமர்ந்து அவர் கண்டறிந்தது அது.

நீங்கள் வரைய வேண்டிய இரண்டாவது கோடு வடக்கு 5 பாகை. இலங்கைக்குத் தெற்கே தொடங்கிச் சுமத்ராவில் முடியுங்கள். அங்கே விசிறியின் தரை ஏறத்தாழ 4,000 மீட்டருக்கு இறங்கியிருக்கும். 13 பாகையில் புதைந்திருந்த 90 பாகைத் தொடர் தலைநிமிர்ந்திருக்கும். அதற்குக் கிழக்கே அகழியும் தெரியத் தொடங்கும். 1972-ல் இந்தத் தொடரின் தெற்குப் பகுதியில் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி கிடைத்தது. இன்று ஆழத்தில் கிடக்கும் அந்த மலைகள் ஒரு காலத்தில் மரஞ்செடிகள் வளர்ந்த தீவுகளாக நின்றவை. இந்தியா வடக்கே நகர்ந்தபோது அடியிலிருந்த வெப்ப ஊற்று ஒன்று (பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறை எழும் இடம்) வழிநெடுக உமிழ்ந்த எரிமலைகளின் வரிசை அது.

மூன்றாவது, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே. இங்கே பழைய அளவு எதற்கும் உதவாது. கிடைமட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டரும் செங்குத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 2 மீட்டரும் வைத்துக்கொள்ளுங்கள். மணல் திட்டுகளின் ஓரத்தில் ஆழம் இடுப்பளவுக்கும் குறைவாக இருப்பதால் இங்கே செயற்கைக்கோள் கணிப்பை நம்பாமல் மாலுமி வரைபடத்தையே பயன்படுத்துங்கள். முடித்ததும், தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்த ஒரு வரைபடத்தில் 120 மீட்டர் சம ஆழக் கோட்டைத் தேடி, அதற்கு உட்பட்ட கடல் முழுவதையும் நிலத்தின் நிறத்தால் தீட்டுங்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பகுதி பனிப்பாளங்களாக உறைந்து கடல் மட்டம் அந்த அளவு தாழ்ந்திருந்தபோது இருந்த கரையோரம் அதுதான். பாக் நீரிணை முழுவதும் நிறத்துக்குள் போய்விடும். மன்னார் வளைகுடாவின் நடுவே மட்டும், தெற்கிலிருந்து நீண்டு வரும் ஆழமான நீல நாக்கு ஒன்று எஞ்சியிருக்கும்.